விசாலாக்ஷி வாங்கிய சவுண்ட் கார்டு

விசாலாக்ஷிக்குக் காது ரொம்பக் கூர்மை. மயிலாப்பூரில் பாட்டுக் கேட்கிறவர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களிடம் அவளே சொல்லிவிடுவாள். மிருதங்கத்தில் ஸ்ருதி ஒரு மயிரிழை இறங்கினாலும் போதும், மேடையிலேயே திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே இரண்டு வித்வான்கள் அவள் கச்சேரிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்டவள், தொண்ணூற்றெட்டாம் வருஷம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பாங்கில் அரை நாள் வேலை முடிந்ததும் தி.நகரில் பஸ் ஏறி, எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், சவுண்ட் கார்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவளும் தங்கை ஸ்ரீரஞ்சனியும் இருபத்திரண்டு வருஷம் ஜோடியாகப் பாடியவர்கள். நோட்டீஸில் சித்ரகுளம் சகோதரிகள் என்று போடுவார்கள். ஜோடியாகப் பாடுகிறவர்கள் எல்லாவற்றையும் சேர்ந்தே பாடுவதில்லை. ஒரே வரியை அக்கா ஒரு விதமாக, ஒரு சங்கதியாகப் பாடி நிறுத்துவாள், தங்கை அடுத்ததை எடுப்பாள். ஸ்வரமும் அப்படித்தான், முறை வைத்து. ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் பாடிக்கொண்டிருப்பாள். இப்படியே இருபத்திரண்டு மார்கழி போயிற்று.

அப்புறம் நாற்பது வயதில் ஸ்ரீரஞ்சனிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை அட்லாண்டாவில் இருக்கிறவர், முதல் மனைவியை இழந்தவர். அவள் கிளம்பிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போகிறதற்கு முன்னால் பாடிய கடைசிக் கச்சேரி முடிந்து டாக்ஸியில் வரும்போது, விசாலாக்ஷி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அனுபல்லவியில இன்னிக்கும் நான் முடிக்கறதுக்குள்ள எடுத்துட்டே. இருபத்திரண்டு வருஷமாச் சொல்லிண்டிருக்கேன், உறைக்கவே இல்லை. என் நிழல்லதான் நீ மேடையேறினே ரஞ்சனி, அதையாவது போற எடத்துல ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையே தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு நிமிஷப் பேச்சுதான். சௌக்யமா, சௌக்யம், மழை உண்டா, உண்டு.

தங்கை போன கையோடு அடையாறில் ஒரு கோயில் மண்டபத்தில் விசாலாக்ஷி தனியாகப் பாடினாள். அன்றைக்கு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. ஒரு சங்கதி பாடினாள், பழக்கத்தில் நிறுத்திவிட்டாள். யாரும் எடுக்கவில்லை. வயலின்காரர் என்னவோ வாசித்துச் சமாளித்தார். அடுத்த சங்கதியிலும் அதே கதை. நடுவில் ஒரு தரம், ஆளே இல்லாத இடது பக்கம் திரும்பி 'எடு' என்று தலையை வேறு ஆட்டினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நடித்தார்கள். அதன் பிறகு அவளை எந்த சபாவும் கூப்பிடவில்லை.

தனி ஆளாக ஆனபின் வீடும் அவளுக்குப் பிடிபடவில்லை. அரை லிட்டர் பாலில் பாதி தினமும் மிஞ்சி, தயிராகிப் புளித்தது. ஒரே கலரில் இரண்டிரண்டாக எடுத்த கச்சேரிப் புடவைகளில் ஒன்று மட்டும் பீரோவில் இருந்தது. சாயங்காலம் பாங்கிலிருந்து வந்து பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கும். யாராவது ஒரு டம்ளரையாவது இடம் மாற்றி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். பேச ஆளில்லாமல் சில நாள் ராத்திரி படுக்கும்போது, பாங்கு கவுண்டரில் பேசியதுதான் இன்றைக்குப் பேசியது என்று கணக்காகப் புரியும்.

இந்த நிலைமையில்தான் ஒரு சபாவின் காரியதரிசி சுயம்புலிங்கம் தெற்கு மாடவீதியில் அவளைப் பார்த்தார். நல்ல மனுஷர். "டிசம்பர்ல மத்தியானம் ஒரு இடம் காலியா இருக்கும்மா. தனியாப் பாடின கேசட் ஒண்ணு மாசக் கடைசிக்குள்ள குடுங்க, கமிட்டி கேக்கட்டும்" என்றார். இதை விட்டால் இனிமேல் மேடை கிடையாது என்பது விசாலாக்ஷிக்குத் தெரியும். ஐம்பதைத் தொடப்போகிறவளை எத்தனை முறை கூப்பிடுவார்கள்?

வீட்டு டேப் ரிக்கார்டரில் பாடிப் பதிந்து பார்த்தாள். அதே நிறுத்தம், அதே மௌனம், வேறெதுவும் காதில் ஏறவில்லை. நிறுத்தாமல் பாடியே தீருவது என்று பிடிவாதமாகப் பாடினால், பாட்டில் கவனம் போய் நிறுத்தக் கூடாது என்பதிலேயே கவனம் நின்றது. பாட்டு மூச்சிரைத்தது.

பாங்கில் எல்லாரும் கம்ப்யூட்டர் வாங்கியபோது அவளும் ஒன்று வாங்கியிருந்தாள். பூப்போட்ட துணி மூடி, சாயங்காலத்தில் சீட்டாட்டம் ஆடுவதோடு சரி. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த சி.டி.யில் பாட்டுப் பதிகிற புரோகிராம் ஒன்று இருந்தது. முதலில் பதிந்த குரலை ஓடவிட்டு, அதன் மேலேயே இன்னொரு குரலைப் பதியலாம் என்று அதில் போட்டிருந்தது. விசாலாக்ஷி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். தன் சங்கதிகளை வழக்கம்போல் நிறுத்தி நிறுத்திப் பாடுவது. அப்புறம் ரஞ்சனியின் இடங்களைத் தானே பாடி இட்டு நிரப்புவது. கேட்கிறவர்களுக்கு ஒருத்தி மூச்சு விடாமல் பாடிய மாதிரி இருக்கும். தங்கை இல்லாமலும் பாடுவேன் என்று அட்லாண்டாவுக்கும் ஒரு கேசட் அனுப்பலாம். இவ்வளவுக்கும் குறை ஒன்றுதான், அவள் கம்ப்யூட்டருக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. சவுண்ட் கார்டு சொருகினால்தான் இரண்டும் வரும்.

ரிச்சி தெருவில் அப்துல் கய்யூமின் கடை மாடியில் இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் நடந்து இறங்க வேண்டிய படி. கய்யூம் மூன்று கார்டுகளை எடுத்து வைத்தார்.

"இன்னாத்துக்கு மேடம், கேம்ஸ் ஆடவா?"

"பாடறதுக்கு."

"பாடறதுக்கா" என்று அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அப்போ மைக்கு வோணும். மூணையும் போட்டுக் காட்றேன், கேட்டுப் பாருங்க. பாட்டு ஒண்ணு ஓட்டவா?"

"ஒண்ணும் ஓட்டாதேங்கோ. சத்தத்தை மட்டும் முழுசா ஏத்திட்டு ஹெட்போனைக் குடுங்கோ."

கய்யூம் இருபது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததில்லை. விசாலாக்ஷி கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமே ஓடாத கார்டை ஒவ்வொன்றாகக் கேட்டாள். விலை கூடியதில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு இரைச்சல். நடுத்தரமானதிலும் லேசாக உண்டு. பெயரே இல்லாத மலிவுக் கார்டில்தான் நிசப்தம் சுத்தமாக இருந்தது.

"இதான்" என்றாள்.

"மேடம், இது ஒரு நேரத்துல ஒரு வேலதான் செய்யும். பாட்டு ஓடிக்கினு இருந்தா பதியாது, பதிஞ்சிக்கினு இருந்தா பாட்டு ஓடாது. நடுவுல கீதே, அது ரெண்டும் ஒண்ணாச் செய்யும். அத்த எடுத்துக்கோங்க."

"நான் ஒருத்திதான் பாய் பாடப் போறேன். ஒரு நேரத்துல ஒண்ணு செஞ்சாப் போறும்."

கய்யூம் விவாதம் செய்யவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் எந்தப் பள்ளத்தில் சொருகவேண்டும் என்று தாளில் படம் போட்டுக் கொடுத்தார். அவள் மறுநாள் திருகாணியைக் கழற்றி, கறுப்புப் பள்ளத்தில் கார்டைச் சொருகி, தன் பாதியை அழகாகப் பாடிப் பதிந்தாள். தங்கையின் பாதிக்கு வந்தபோதுதான் கய்யூம் சொன்னதன் அர்த்தம் விளங்கியது. பதிகிற பொத்தானை அமுக்கினால் அவள் குரல் நின்றுபோயிற்று. அவள் குரலை ஓடவிட்டால் பதியமாட்டேன் என்றது. காதுக்கு அவ்வளவு கெட்டிக்காரி, சொன்னதைக் கேட்கமாட்டாள். இதை அவள் தங்கைதான் சொல்ல வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அடுத்த சனிக்கிழமை அவளைப் படியில் பார்த்ததுமே கய்யூம் நடுத்தரக் கார்டை எடுத்து வைத்துவிட்டார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "வெள்ளப் பள்ளத்துல சொருவுங்க மேடம், கறுப்புல போவாது" என்று மட்டும் சொன்னார். அந்த மரியாதை அவளுக்கு ரொம்ப நாளாகக் கிடைக்காத ஒன்று. பஸ்ஸில் வரும்போது கண்ணில் நீர் வந்தது. தூசி என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி. காய்கறி வண்டிகள் ஓய்ந்து, தெரு சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். மின்விசிறியை அணைத்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் உறுமலுக்கு அதன் மேல் மெத்தை ஒன்றைச் சாய்த்தாள். ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, வியர்க்க வியர்க்கத் தன் பாதியை மறுபடியும் பாடினாள். கல்யாணியில் ஒரு கீர்த்தனை, சின்ன வயதிலிருந்து பாடுகிறது. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தங்கையின் பாதியைப் பாடுவதற்காகத் தன் குரலை ஓடவிட்டாள்.

பல்லவி சரியாக இருந்தது. அனுபல்லவியில் அவள் குரல் மேல் ஷட்ஜம் என்கிற உச்சி ஸ்வரத்துக்கு ஏறிற்று, நின்றது, நின்ற இடத்திலிருந்து லேசாக வழுக்கிற்று.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் வழுக்கிற்று. புதிதாகப் பாடிப் பதிந்தாள். ஆறு தரம் பதிந்தாள், ஆறிலும் மேல் ஷட்ஜம் நின்று முடிகிற தறுவாயில் ஸ்ருதியை விட்டுக் கீழே இறங்கியது. விசாலாக்ஷி ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் போட்டாள். கார்டைக் கழற்றினாள். அவள் ஷட்ஜம் இறங்குவதாவது. நாளைக்கே லீவு போட்டுவிட்டு ரிச்சி தெருவுக்குப் போவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள். மறுநாள் போகும்போது சி.டி. உறை, ஸ்ருதிப் பெட்டி எல்லாவற்றையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டாள்.

"பாய், உங்க கார்டு ஸ்ருதியை இறக்கறது."

"எறக்குதா?"

"மேல போனா இறக்கறது. நானே ஆறு தரம் பார்த்தேன்."

கய்யூம் கார்டைத் தன் மெஷினில் சொருகினார். அவள் கொண்டுவந்த ஸ்ருதிப் பெட்டியை மைக் முன்னால் வைத்துப் பதிந்தார். பதிந்ததை ஓட்டிக்கொண்டே பெட்டியையும் பக்கத்தில் போட்டார். இரண்டும் பிசிறில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு மைக்கை அவள் பக்கம் தள்ளினார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஸ்ருதிப் பெட்டி பக்கத்தில் ஓட, விசாலாக்ஷி அந்த ஒரு வரியைப் பாடினாள். அவர் அதையும் ஓட்டினார்.

"பொட்டி நேரா கீது மேடம்" என்றார் கய்யூம், மெதுவாக. "கார்டு எறக்குனா, பொட்டியும் பாட்டும் சேந்துல்ல எறங்கணும். பொட்டி அப்டியே நிக்குது. மத்தது எனக்குத் தெர்ல, நமக்கு இந்தப் பாட்டுல்லாம் பழக்கமில்ல."

விசாலாக்ஷிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கார்டைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் தப்பாகத் திரும்பி, கூவம் பாலம் வரை நடந்துவிட்டு, அப்புறம்தான் பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம் என்பதே நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பழைய கேசட் ஒன்றை எடுத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ரசிகர் பதிந்து கொடுத்தது, அதே கல்யாணி. எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் கேட்டது என்று எதைச் சொல்வது? தன் முறை வரும்போது கேட்பாள், தங்கை முறை வரும்போது காப்பி ஆற்றுவாள். மேடையிலும் அப்படியேதான். ரஞ்சனி பாடும்போது, அடுத்துத் தான் எதைப் பாடுவது என்று மனசு ஓடிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷம் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவள் என்ன பாடினாள் என்று கேட்டால், அவளால் ஒரு சங்கதியைக்கூடப் பாடிக்காட்ட முடியாது. ரஞ்சனியின் பாதியைப் பாடி நிரப்பிவிடுவதாக நினைத்தாளே, அந்தப் பாதி அவளிடம் இல்லவே இல்லை.

கார்டைத் திரும்பவும் சொருகி, கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த அனுபல்லவியை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓட்டினாள். மேல் ஷட்ஜத்தில் அவள் நிற்கிறாள். அவள் குரல் வழுக்கப்போகிற அரை அட்சரத்துக்கு முன்னாலேயே ரஞ்சனியின் குரல் வந்து, அதே ஷட்ஜத்தைப் பிசகாமல் பிடித்துக்கொள்கிறது. அக்காவின் குரல் வழுக்குவது அதற்கு அடியில் காணாமல் போகிறது. கேசட்டின் மறுபக்கத்தில் மோகனம், அதன் அனுபல்லவியிலும் அதே அரை அட்சரம். காம்போதியிலும் அதே. இத்தனை வருஷமாக அவசரக்குடுக்கை என்று திட்டினாளே, அது இது. விசாலாக்ஷி வாய்விட்டு அழுதாள். அழுவதைக் கேட்க வீட்டில் யாருமில்லை என்பதால் அடக்கவும் இல்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு மாடவீதி முனையில் இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனாள். அங்கே காலை ஒன்பதரை. மூன்றாவது மணியில் ஸ்ரீரஞ்சனி எடுத்தாள்.

"அக்காவா? என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை."

"பூத்துலேர்ந்தா பேசறே? வெச்சுடு, பக்கத்தாத்து நம்பரைக் குடு, நான் கூப்பிடறேன்."

"வேண்டாம். வெச்சுட்டா அப்புறம் கேக்க எனக்குத் தைரியம் வராது." கண்ணாடிக் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொண்டாள். "ரஞ்சனி, மேல் ஷட்ஜத்துல நான் ஸ்ருதி விலகறேன்னு உனக்குத் தெரியுமா?"

கடல் தாண்டிப் போன கேள்விக்குப் பதில் வர எப்போதுமே ஒரு விநாடி ஆகும். இது அதைவிட அதிகமாக ஆயிற்று.

"தெரியும்கா."

"எப்பலேர்ந்து?"

"மொதல் கச்சேரிலேர்ந்து. நிக்கும்போது உனக்கு மூச்சு பத்தாது. கொஞ்சம் முன்னாடியே மூச்சை எடுத்துண்டா சரியாப் போயிடும்."

"இத்தனை வருஷம் சொல்லலையே."

"நீ பெரியவ. நான் எடுத்துண்டுட்டா யாருக்கும் தெரியப்போறதில்லை. எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

"அன்னிக்கு டாக்ஸியில நான் அத்தனை பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமேடி. என் மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிக்கா சொல்லுவேன்?" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "நான் மறுவாரம் ஏரோப்ளேன் ஏறப் போறேன். அதுக்கப்புறம் நீ தனியா உக்காந்து பாடணும். போற நேரத்துல உன் ஷட்ஜம் விலகறதுன்னு சொல்லிட்டுப் போனா, நீ வாயைத் திறப்பியா? நீ என்னைத் திட்டினதே தேவலைன்னு இருந்தது."

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின, பூத்துக்காரர் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "அக்கா, இருக்கியா?" என்று ஸ்ரீரஞ்சனி கேட்டாள்.

"இருக்கேன். மாசக் கடைசிக்குள்ள ஒரு கேசட் குடுக்கணும் ரஞ்சனி, சபாவுக்கு. அந்த எடம் எனக்கு வரலை. நீ எப்படிப் பாடுவேன்னு எனக்குத் தெரியலை. ஒரு தரம் பாடிக் காட்டேன்."

"போன்லயா?"

"போன்லதான்."

அந்தப் பக்கம் ரேடியோவோ என்னவோ அணைகிற சத்தம் கேட்டது. ஸ்ரீரஞ்சனி தொண்டையைச் செருமிக்கொண்டு அனுபல்லவியை எடுத்தாள். ஏறி, மேல் ஷட்ஜத்தில் நின்றாள். விசாலாக்ஷி ரிசீவரைக் காதோடு வைத்து, கண்ணாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். எங்கே மூச்சு வாங்குகிறாள் என்பது வரைக்கும் கேட்டாள். ஒரு சங்கதி முடிந்ததும் ஸ்ரீரஞ்சனி பழைய வழக்கப்படி நிறுத்தினாள்.

"அக்கா, இது உன் முறை."

"தெரியும்" என்றாள் விசாலாக்ஷி. "நீயே மேல பாடு."